தட்டிப் பார்த்த சிலேட்டு

சவூதியிலிருக்கும் தம்பி சொன்னானென்று, அவன் கடைசி மகளைத் தஞ்சாவூர் கடைக்குக் கூட்டிப்போனேன். கணக்கைக் கோடாக வரைந்து காட்டும் கால்குலேட்டர் இரண்டை எடுத்து வைத்தார்கள். நான் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன்.

“மாமி, இதென்ன தேங்காயா?” என்று சிரித்தாள்.

சின்ன வயதில் நீடாமங்கலம் கடையில் எங்களைப் பெற்ற அத்தா எனக்குச் சிலேட்டு வாங்கினபோதும் அப்படித்தான் தட்டினேன். கீறல் இருந்தால் சத்தம் செத்துக் கேட்கும். ஏழாவது சிலேட்டுதான் கணீரென்றது. தினமும் கோவை இலையால் துடைப்பேன்; அந்தப் பச்சை வாசம் கையைவிட்டுப் போகாது. தம்பியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று, “பொம்பளப் புள்ளைக்கு இவ்வளவு படிச்சது போதும்மா” என்று அத்தா அந்தச் சிலேட்டை அவனுக்காகக் கேட்டார். நான் அழவில்லை. துடைத்துத்தான் கொடுத்தேன்.

“எதை எடுக்கட்டும் மாமி?”

“உனக்குப் பிடிச்சதை எடு. எடுத்ததும் உன் பேரை எழுதிக்க. அப்புறம் உங்க அத்தாவே கேட்டாலும் கொடுக்காதே.”