கதிரையை இழுத்தவள்

என் மாமா எங்கள் வீட்டில் எல்லாரையும் மேடையில் நடித்துவிட்டார், என்னைத் தவிர. அம்மாவை நடித்தார், அப்பாவை நடித்தார், ஆறு வயதுத் தம்பியைக்கூட விடவில்லை. மாதம் ஒருமுறை சாப்பிட மட்டும் வந்துபோன அப்பாவின் சிநேகிதருக்கும் இரண்டு நிமிடம் கிடைத்தது. பத்து வயதுக்காரியான எனக்கு மட்டும் அந்த மேடையில் இடமில்லை. இதைச் சொல்லும்போது இன்றைக்கும் வயிறு எரிகிறது.

மாமா அம்மாவின் தம்பி. ஒஸ்லோவின் அம்மருட்டில் ஒன்பதாம் மாடியில் இருந்த எங்கள் வீட்டில், பெட்டிகள் அடுக்கி வைக்கும் சின்ன அறையில் தங்கியிருந்தார். பகலில் ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் துப்புரவு வேலை. ஒஸ்லோத் தமிழரின் விழாக்களில் தனிநடிப்பு. அதற்கு அவருக்கு வேண்டியது ஒரே ஒரு கதிரை. வேஷம் இல்லை, பாட்டு இல்லை. அந்தக் கதிரையில் அவர் உட்காரும் விதத்திலேயே இன்னார் என்று சனம் கண்டுபிடித்துவிடும். பெயர் சொல்லமாட்டார், அதனால் அவரோடு சண்டைக்குப் போகவும் முடியாது.

ஆனாலும் போனார்கள். ஒரு சங்கத் தலைவர் மைக்கை விடாமல் ‘கடைசியாக ஒரு வார்த்தை’ என்று நாலு தரம் சொல்வதை, தலைவர் முன்வரிசையில் இருக்கும்போதே மாமா நடித்தார். பாதி மண்டபம் சிரித்தது, மீதி மண்டபம் தலைவரின் முகத்தைப் பார்த்தது. இனி இவருக்கு மேடை கொடுக்கக் கூடாது என்று ஒரு கூட்டம். கொடுக்காவிட்டால் ஒருவரும் வரமாட்டார்கள் என்று இன்னொரு கூட்டம். “உங்கடை தம்பி எங்கடை சனத்தை நாறடிக்கிறான்” என்று அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தவர்களே, வைப்பதற்கு முன்னால், “இந்தமுறை ஆரை நடிக்கப்போறானாம்?” என்றும் கேட்டார்கள்.

அம்மாவும் தப்பவில்லை. விருந்தாளிகளுக்குப் பதினொரு கறியைப் பரப்பிவிட்டு, “ஒண்டும் செய்யேல்லை” என்று கையைப் பிசையும் பெண்ணாக மாமா நடித்ததற்கு அம்மா மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நாலாம் நாள் கடையில் யாரோ அதைச் சொல்லிச் சிரித்தபோது அம்மாவின் முகத்தில் கோபத்தைத் தேடினேன். பெருமைதான் இருந்தது.

அதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். தம்பியின் விஷயம்தான் பொறுக்க முடியாமல் போனது. கோயிலில் ஐயர் பிரசாதம் கொடுத்ததும், அவன் பாலர் பாடசாலையில் பழகியபடி, “தக் ஃபோர் மாட்டன்” என்று நோர்வேஜிய மொழியில் சாப்பாட்டுக்கு நன்றி சொல்லிவிட்டான். அவ்வளவுதான் அவன் செய்த சாதனை. மாமா அதை நடித்த பிறகு, ஒஸ்லோவில் இருந்த அத்தனை தமிழ்ப் பெண்களும் அவன் கன்னத்தைக் கிள்ளினார்கள். பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்து, “நீ இவரின்ரை அக்காவோ?” என்றார்கள். அக்காவோ! அவனுக்குச் சப்பாத்து நாடா கட்டிப் பழக்கியதே நான்தான்.

அன்றிலிருந்து மாமாவின் முன்னால் நான் பலவிதமாக நடமாடினேன். ஒரு வாரம் நொண்டினேன். இன்னொரு வாரம் தமிழை நோர்வேஜிய ராகத்தில் இழுத்துப் பேசினேன். தும்மினால் மூன்று தும்மலாகத் தும்மினேன். மாமா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “நீ நடிக்கிறாய். நடிக்கிற ஆளை நடிக்க ஏலாது பிள்ளை” என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்தார்.

அப்போதுதான் என்னிடம் ஒரு சரக்கு இருப்பது நினைவுக்கு வந்தது.

அப்பா ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் வேலை செய்தார். மேலாளர் தொலைபேசி எடுத்தால், சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் அப்பா எழும்பி நிற்பார். இடது கை சேட்டின் மேல் பொத்தானைப் பூட்டும். ஒரு சனிக்கிழமை, வீட்டில் அப்பாவும் நானும் மட்டும் இருந்தபோது, அப்படி நின்றவருக்குப் பின்னாலிருந்து கதிரையை நான் மெல்ல இழுத்துவிட்டேன். சும்மா பகிடிக்குத்தான். பேச்சு முடிந்தது என்று நினைத்து அப்பா உட்காரப்போனார். பொத்தென்று தரையில் விழுந்தார். மேலாளர் இன்னும் ஏதோ கேட்டிருக்க வேண்டும். விழுந்த இடத்தில் இருந்தபடியே, தொலைபேசி காதை விட்டு விலகாமல், “யா, யா, டெ கோர் ஃபீண்ட்” என்றார். எல்லாம் நல்லபடி போகிறது என்று அர்த்தம். அவர் திரும்புவதற்குள் கதிரையைப் பழைய இடத்தில் வைத்துவிட்டேன். அப்பா இடுப்பைத் தடவிக்கொண்டு கதிரையைப் பார்த்தார்.

இதை மாமாவிடம் சொன்னேன், ஒரு நிபந்தனையோடு. கதிரையை இழுப்பவளாக என்னையும் அவர் மேடையில் நடிக்க வேண்டும். மாமா வெகுநேரம் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, அப்பா எந்தக் கையால் பொத்தான் பூட்டுவார் என்று மட்டும் கேட்டார்.

அடுத்த விழா ஒரு ஞாயிறு மத்தியானம். நாங்கள் மூன்றாம் வரிசையில் இருந்தோம். மாமா கதிரையில் இருந்து சாப்பிட்டார், எழும்பினார், பொத்தான் பூட்டினார். மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது, ஏனென்றால் அங்கே இருந்த ஆண்களில் பாதிப்பேர் அப்படி எழும்புகிறவர்கள். நான் என் சட்டையைச் சரிசெய்துகொண்டேன். இதோ, இப்போது நான் வருவேன். மாமா உட்காரப்போனார், விழுந்தார், தரையிலிருந்து, “யா, யா, டெ கோர் ஃபீண்ட்” என்றார். பிறகு எழும்பி வணங்கினார். முடிந்துவிட்டது. கதிரை தன்பாட்டில் விலகியதுபோல ஆக்கிவிட்டார். என் பங்கை விழுங்கிவிட்டார். எனக்கு அழுகை வந்தது. பக்கத்தில் அப்பா மெதுவாகக் கைதட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் இருந்தபோதுதான் அப்பா மாமாவைப் பார்த்து வாயைத் திறந்தார்.

“ஆர் உனக்குச் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை அத்தான். கதவடியிலை நிண்டு நானே பாத்தனான்.”

“அண்டைக்கு நீ வேலையெல்லோ?”

“வெள்ளனவே வந்திட்டன்.”

மாமா இதையும் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறாரே என்று எனக்குக் கோபம் தலைக்கேறியது. “பொய்! நான்தான் மாமாவுக்குச் சொன்னனான். கதிரையை இழுத்ததும் நான்தான்!” என்று கத்தினேன்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். அப்பா என்னைப் பார்த்தார். மாமா தலையில் கைவைத்துச் சிரித்தார். “இவளின்ரை கதையைக் கேக்காதேங்கோ அத்தான். தன்னையும் நடிக்கச் சொல்லி ஒரு மாசமாய் அரியண்டம். இப்ப இதையும் தான்தான் செய்தது எண்டு நிக்கிறாள்.”

நான் நொண்டியதையும் தும்மியதையும் வீட்டில் எல்லாரும் பார்த்திருந்தார்கள். அம்மா தலையாட்டினார். அப்பா சோற்றைப் பிசையத் தொடங்கினார். “வீட்டுக்குள்ளை வைச்சுச் சோறு போட, வீட்டையே மேடையிலை ஏத்திப்போட்டாய்” என்று அம்மா மாமாவைப் பார்த்துச் சொன்னதுதான் அன்று கடைசியாகக் கேட்ட பேச்சு. என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகப் பெரிய உண்மையை ஒருவரும் நம்பவில்லை. மேடையில் ஒருமுறை, மேசையில் ஒருமுறை என்று மாமா என்னை இரண்டு தரம் ஏமாற்றிவிட்டார்.

அந்த வாரமே மாமா ஸ்தவாங்கர் நகரில் இருந்த ஒரு நண்பரிடம் போய்விட்டார். லிஃப்ட் வரைக்கும் தம்பி போனான். நான் அறைக்கதவைத் திறக்கவில்லை.

பிறகு மாமா நோர்வேஜிய மொழியில், அதே ஒற்றைக் கதிரையோடு, நிஜமான அரங்குகளில் நடிக்கத் தொடங்கினார். வெள்ளைக்காரருக்கு முன்னால் எங்கள் மானத்தை விற்கிறார் என்று பெரியவர்கள் கொதித்தார்கள். எங்கள் வயதுக்காரர் நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். நானும் மாணவியாக இருந்தபோது போய்ப் பார்த்தேன். அப்பா விழும் இடத்தில் அங்கே ஒருவரும் சிரிக்கவில்லை. கதிரை அப்போதும் தன்பாட்டில்தான் விலகியது. முடிந்ததும் உள்ளே போய், “ஏன் மாமா என்னை மட்டும் நடிக்கேல்லை?” என்று கேட்டேன். “எல்லாரையும் நடிச்சா ஆர் என்னோடை கதைக்கிறது?” என்றார். பகிடி என்று நினைத்து நானும் சிரித்துவைத்தேன்.

அப்பா அந்த நாடகத்தைப் பற்றிப் பிறகு பேசவே இல்லை. ஒரு பழக்கம் மட்டும் அவருக்குப் புதிதாக வந்தது. உட்காருவதற்கு முன் ஒரு கையைப் பின்னால் நீட்டி, கதிரை இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார். மாமா வீட்டில் இருந்திருந்தால் இதையும் நடித்திருப்பார் என்று நினைத்து, நான் அதைக் கண்ணாடிக்கு முன்னால் பழகிவைத்திருந்தேன்.

போன டிசம்பரில் நத்தார் விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது சமையலறையில் தம்பிக்கு அதை நடித்துக் காட்டினேன். கையைப் பின்னால் நீட்டி, தடவி, மெல்ல இருந்தேன். இப்போது அவன் என்னைவிட உயரம். விழுந்து விழுந்து சிரித்தான்.

“அப்பிடியே இருக்கு. ஆனா அக்கா, நீ பக்கத்திலை நிண்டாத்தான் அப்பா அப்பிடிச் செய்யிறவர். நீ இல்லாத நேரம் சும்மா பொத்தெண்டு இருந்திடுவார். ஏன் எண்டு எனக்கு ஒருநாளும் விளங்கேல்லை.”

நான் எழும்பாமல் அந்தக் கதிரையிலேயே இருந்தேன். அன்று மேசையில் நான் சொன்னதை அப்பா நம்பியிருக்கிறார்.