முந்திய சத்தம், பிந்திய படம்

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பது அவள் வேலை. ஃபிரேமுக்குத் தக்கபடி ஓரத்தைத் தேய்த்து, கடுகு போன்ற திருகுகளை முடுக்கிக் கொடுப்பாள். கணவனுக்குக் கப்பல் வேலை. வீட்டில் இருப்பது அவளும், லேத் பட்டறையில் ஓய்வு பெற்ற மாமனாரும்தான்.

மாமனாருக்கு ஆறுதலாகப் பேசவெல்லாம் வராது. கல்யாணமான புதிதில் அவள் வயிற்றுப் பிள்ளை தங்காமல் போனது. வந்தவர்கள் ஆளுக்கொரு ஆறுதல் சொன்னார்கள். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மாமனார் ஏணியை எடுத்து வந்தார். மகனுக்குச் சின்ன வயதில் வாங்கித் தந்த கம்ப்யூட்டரைப் பரணிலிருந்து இறக்கினார். கம்ப்யூட்டரே கீபோர்டுக்குள் அடங்கியிருக்கும் பழைய ரகம். பெட்டி டிவியில் மாட்டி அவள் அறைக்குள் தள்ளிக்கொண்டு வந்தார்.

"இன்னொரு ஜாய்ஸ்டிக் சும்மாதான் கிடக்குது," என்றார். அவ்வளவுதான்.

திரையில் குழிகளைத் தாண்டி ஓடும் ஒரு குட்டி மனிதன். அவள் முதல் குழியிலேயே விழுந்தாள். மாமனார் சிரித்துவிட்டார். அவளுக்கும் சிரிப்பு வந்தது. வெகுநாள் கழித்து வந்த சிரிப்பு. அதன்பின் வேலை விட்டு வந்ததும் ஒரு ஆட்டம் என்பது அந்த வீட்டு வழக்கமாகிவிட்டது.

வருடங்கள் போயின. மாமனார் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பிய சமயம், பெட்டி டிவி கண்ணை மூடியது. பிக்சர் டியூப் இனி கிடைக்காது என்று மெக்கானிக் கைவிரித்தார். புது டிவியிலோ பழைய வயரைச் செருக இடமே இல்லை. அவள் ஒரு சின்ன கன்வெர்ட்டர் பெட்டி வாங்கி நடுவில் மாட்டினாள். படம் வந்தது.

ஆனால் ஆட்டத்தில் மாமனார் விழ ஆரம்பித்தார். கண்ணை மூடிக்கொண்டு தாண்டுகிற குழியில்கூட விழுந்தார். அவளும் விழுந்தாள்தான், அவள் விழாமல் இருந்தது எப்போது?

"கை முன்ன மாதிரி இல்லம்மா. நீ ஆடு," என்று எழுந்துவிட்டார். பிறகு கடைத்தெருவுக்குப் போவதை நிறுத்தினார். டீயைக்கூட அரை டம்ளர் போதும் என்றார், கை தடுமாறிக் கொட்டிவிடுமாம்.

ஒரு விடுமுறை நாளில் அவள் தனியாக ஆடிக்கொண்டிருந்தாள். சத்தம் மட்டும் தனி வயரில் பழைய ஸ்பீக்கருக்குப் போனது. பட்டனை அழுத்தினாள். குதிக்கிற சத்தம் கேட்டது. அதற்கப்புறம்தான் குட்டி மனிதன் குதித்தான். மறுபடி அழுத்தினாள். மறுபடியும் அப்படியே. இடி முந்திக்கொண்டு மின்னல் பிந்தி வந்த மாதிரி இருந்தது.

இணையத்தில் தேடியபோது விஷயம் புரிந்தது. கன்வெர்ட்டர் ஒவ்வொரு படத்தையும் பிடித்து வைத்து, பெரிதாக்கித்தான் டிவிக்கு அனுப்புமாம். இமைக்கிற நேரம்தான், குழியில் விழ அது போதும். இதற்கென்றே எங்கோ ஒரு மனிதர் சின்ன போர்டு ஒன்றை வடிவமைத்து, வரைபடத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று போட்டிருந்தார். கம்ப்யூட்டருக்குள்ளேயே உட்கார்ந்து, படம் பிறக்கிற இடத்திலிருந்தே எடுத்து நேராகப் புது டிவிக்குக் கொடுக்குமாம்.

அப்படி ஒரு போர்டை வரவழைத்து, கடையின் குட்டி ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்தாள். படத்துக்கான சிப்பை மெல்ல நெம்பி எடுத்தபோது அதன் கம்பிக்கால் ஒன்று வளைந்துவிட்டது. கண்ணாடி ஃபிரேம் நிமிர்த்தும் குறட்டால், மூச்சைப் பிடித்துக்கொண்டு நேராக்கினாள். போர்டைப் பொருத்தி, அதன்மேல் சிப்பை உட்கார வைத்தாள்.

"மாமா, ஒரே ஒரு ஆட்டம்."

"வேண்டாம்மா."

"எனக்காக."

வேண்டாவெறுப்பாக உட்கார்ந்தார். சத்தமும் குதிப்பும் ஒன்றாக வந்தன. முதல் குழி, அடுத்தது, அதற்கடுத்தது என்று தாண்டிக்கொண்டே போனார். ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டுத் தன் கையைப் பார்த்தார்.

"என்ன பண்ணின?"

"படம்தான் லேட்டா வந்துட்டிருந்துச்சு மாமா. உங்க கைக்கு ஒண்ணுமே இல்ல."

அவர் ஜாய்ஸ்டிக்கை மடியில் வைத்தார். "நான் என்னென்னவோ நெனச்சுட்டேன்," என்றார்.

"தெரியும் மாமா."

தன்னை அந்தப் படுக்கையிலிருந்து எழுப்பியதற்கு அவள் ஒருநாளும் அவருக்கு நன்றி சொன்னதில்லை. அன்றும் சொல்ல வரவில்லை. போர்டை வடிவமைத்தவருக்கு மட்டும் எல்லாவற்றையும் எழுதி நன்றி சொன்னாள். உங்கள் மாமனாருக்குப் பிடித்த ஆட்டம் எது என்று கேட்டு அவர் பதில் போட்டிருந்தார்.

மாமனாரிடம் கேட்டாள்.

"உன்னோட ஆடுறது எதுவா இருந்தாலும் சரின்னு எழுதும்மா," என்றார். பிறகு, "நீ விழுறேன்னு எழுதாத," என்றார்.