தெல்தோட்டை வழியில் ஒரு டைமிங் பெல்ட்

காலை 7.15. கண்டி விடுதியிலிருந்து புறப்பட்டேன். முந்தின நாள் யாழ்ப்பாணத்திலிருந்து முந்நூற்று இருபது கிலோமீற்றர் தனியே ஓட்டி வந்த அலுப்பு தோளில் இன்னும் இருந்தது. தெல்தோட்டையில் ஒரு பாடசாலைக்கு எனக்கு இடமாற்றம். பின் சீற்றில் புத்தகப் பெட்டிகள், அடுப்பு, மடித்த மெத்தை. முப்பது வயதை நெருங்கும் அந்த டீசல் கார் அப்பாவுடையது.

பேராதனை தாண்டிக் கலஹா வீதியில் ஏறியதும் இருபுறமும் தேயிலை தொடங்கியது. ஏற்றத்தில் எஞ்சினின் முன்பக்கத்திலிருந்து ஒரு சத்தம், ஈரத்துணியைக் கல்லில் அடிப்பதுபோல. கலஹாவில் கண்ணில் பட்ட முதல் கராஜில் நிறுத்தினேன்.

8.40. மெக்கானிக் செல்வராஜுக்கு நாற்பது வயதிருக்கும். எங்கே போகிறேன், என்ன வேலை என்று கேட்டுக்கொண்டே பெல்ட் மூடியைக் கழற்றி டோர்ச் அடித்தார்.

"பாருங்க டீச்சர், டைமிங் பெல்ட். எண்ணெயில ஊறி ஓரமெல்லாம் நார்நாரா வந்திருச்சு. அறுந்துச்சுனா வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போயிரும். கடைசியா எப்ப மாத்துனது?"

"எனக்குத் தெரியேல்லை," என்றேன்.

தெரிந்தவர் அப்பா ஒருவர்தான். அவர் இறந்து ஏழு மாதமாகிறது.

புது பெல்ட் கண்டியிலிருந்து வரவேண்டும். அங்குள்ள உதிரிப்பாகக் கடைக்காரர் பஸ் கொண்டக்டரிடம் கொடுத்துவிடுவாராம். "லேட்டாகும்னு வீட்டுக்குச் சொல்லிருங்க," என்றார் செல்வராஜ். போனை எடுத்தேன். யாருக்குச் சொல்வது? புதுப் பாடசாலையின் அதிபரை அழைத்தேன். "நாளைக்கே வாங்க டீச்சர், ஒன்னும் அவசரமில்ல," என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கோ அங்கேயும் யாரும் காத்திருக்கவில்லை என்றுதான் கேட்டது.

பக்கத்துக் கடையில் ஐம்பது ரூபாய்க்கு ஒரு பிளேன்டீ குடித்தேன். கொழுந்துப் பைகளோடு பெண்கள் சிரித்துப் பேசியபடி கடந்தார்கள். என் மொழிதான். ஆனாலும் கேட்டுக்கொண்டு மட்டும்தான் இருக்க முடிந்தது.

11.05. பெல்ட் வந்தது. பழையதோடு சேர்த்துப் பிடித்துப் பற்களை எண்ணிய செல்வராஜ் தலையை ஆட்டினார். வேறு எஞ்சினுக்கானது. அதே பஸ்ஸில் திருப்பி அனுப்பினார். சரியானது வரும்போது மணி 1.20.

"எழுத்த அழிக்கிற வெள்ளை மை வச்சிருப்பீங்களே டீச்சர்?"

கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பெல்ட் ஓடும் பற்சில்லுகளிலும் அவற்றை ஒட்டி எஞ்சினிலும் அடையாளக் கோடுகள் போட்டுவிட்டுப் பழைய பெல்ட்டைக் கழற்றினார். புதியதை மாட்டி இறுக்கியதும், நீண்ட ஸ்பெனரை அடிச் சில்லின் ஆணியில் மாட்டிக் கைப்பிடியை என்னிடம் கொடுத்தார்.

"மெதுவா ரெண்டு சுத்து சுத்துங்க. நான் கோட்டப் பாக்குறேன். எங்கயாவது இடிச்சா உடனே விட்டுருங்க."

"ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கக் கூடாதோ?"

"ஒரு பல்லு தப்பியிருந்தாலும் அதோட முடிஞ்சிரும்."

சுற்றினேன். ஓரிடத்தில் எஞ்சின் கனத்து நின்றது. கையைத் தளர்த்தி மீண்டும் மெல்ல அழுத்தினேன். பிறகு இணங்கியது. இரண்டாவது சுற்று முடிய, வெள்ளைக் கோடுகள் நேருக்கு நேர் வந்து நின்றன. சிறுபிள்ளைபோல் சிரித்துவிட்டேன். யாரிடமாவது காட்டவேண்டும்போலிருந்தது, செல்வராஜோ அடுத்த ஆணியைத் தேடிக்கொண்டிருந்தார்.

3.10. எஞ்சின் முதல் தடவையிலேயே பிடித்தது. மலையேறும்போது கேட்டால்தான் நிச்சயம் என்று அவரும் கூட ஏறிக்கொண்டார். வழியெல்லாம் நான்தான் பேசினேன். அப்பாவுக்குச் செய்த வைத்தியம், பூட்டிய வீடு, மாணவர்கள் தந்த பிரியாவிடை. நிறுத்த முடியவில்லை. அவர் "ம்" கொட்டிக்கொண்டு எஞ்சினுக்குக் காது கொடுத்திருந்தார்.

தெல்தோட்டைக் கடைத்தெருவில் இறங்கியவர் பொனெட்டருகே குனிந்து ஒரு கணம் கேட்டார்.

"சத்தமே இல்ல டீச்சர். இனி நீங்க தனியாவே போகலாம்."

"ஓம்," என்றேன்.

கலஹா பஸ் நகரத் தொடங்கியிருந்தது. ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டு கையசைத்தார். யாழ்ப்பாணத்தில் வீதிகள் நேராகப் போகும். போகிறவரை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நிற்கலாம். இங்கே முதல் வளைவிலேயே பஸ் மறைந்துவிட்டது.