உரித்த லேபிளும் போகாத பிசுக்கும்

எவர்சில்வர் பாத்திரத்தில் லேபிள் ஒட்டுகிற ஆசாமியை ஒரு நாள் என் வீட்டில் பாத்திரம் கழுவுகிற அங்கணத்தில் உட்காரவைத்து, அவர் ஒட்டியதை அவரையே உரிக்கச் சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஒட்டுவதற்கு உலகத்தில் வேறு இடமே இல்லாததுபோல், தட்டென்றால் நட்டநடுவிலும் டம்ளரென்றால் வாய் வைக்கிற இடத்திலும் ஒட்டித் தொலைக்கிறார்கள். சுரண்டினால் காகிதம் வந்துவிடும். பசை வராது. அது பாத்திரத்தோடு கூடவே பிறந்ததுபோல் உட்கார்ந்துகொண்டு, தூசியையும் தலைமுடியையும் இழுத்துச் சேர்த்துக்கொண்டு, கழுவக் கழுவக் கறுக்கும். போன வாரம் ஒரு கிண்ணத்தோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது என் மகள் வந்து, எண்ணெய் தடவி ஊறவைத்தால் தானாக வந்துவிடுமே என்று எனக்குப் பாடம் எடுத்தாள். எனக்கு! பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தபோதே இந்தப் பிசுக்கில் பட்டம் வாங்கியவள் நான். அதை எனக்குக் கற்றுத்தந்த என் வீட்டுப் பெரியவர்களை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

எட்டயபுரத்துக்கும் கோவில்பட்டிக்கும் நடுவில், பஸ் ரோட்டில் இறங்கி உள்ளே நடக்க வேண்டிய ஊர் எங்களுடையது. எழுபதுகளின் கடைசி. எவர்சில்வர் வந்து சேர்ந்த வீடு, சேராத வீடு என்று ஊர் இரண்டாகப் பிரிந்திருந்த காலம். நாங்கள் மூன்றாவது ரகம். எங்களிடம் எவர்சில்வர் இருந்தது, ஆனால் புழங்கமாட்டோம். அம்மா கல்யாணத்துக்குக் கொண்டுவந்த சீர்ப் பாத்திரங்கள், அதாவது ஒரு குடம், இரண்டு தூக்குவாளி, ஒரு தாம்பாளம், ஒன்றுக்குள் ஒன்று அடங்குகிற மூடிபோட்ட சம்படங்கள், எல்லாம் கோணிச்சாக்கில் கட்டிப் பரணில் கிடந்தன. ஒவ்வொன்றிலும் கடையில் ஒட்டிய லேபிள் ஒட்டினபடிக்கே இருந்தது. லேபிளைக் கிழித்துவிட்டால் பாத்திரம் பழசாகிவிடும் என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். வருஷத்துக்கு ஒருதரம், பொங்கலுக்கு முன்னால், அம்மா அவற்றைக் கீழே இறக்குவாள். லேபிளில் ஈரம் படாமல், தூங்குகிற பிள்ளைக்கு முகம் துடைப்பதுபோலத் துடைத்து, மறுபடியும் கட்டி ஏற்றிவிடுவாள். அன்று மத்தியானமும் எங்களுக்கு நெளிந்துபோன அலுமினியத் தட்டில்தான் சோறு. இருக்கிறதை வைத்துச் சாப்பிட்டால் என்ன என்று கேட்டு நான் குட்டு வாங்கியிருக்கிறேன்.

அப்பாவின் தங்கையும் எங்களோடு இருந்தாள். அப்பாவைப் பெற்றவர்கள் நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டதால் அத்தையைக் கட்டிக்கொடுக்கிற பொறுப்பு அப்பாவின் தலையில் விழுந்தது. விளாத்திகுளம் பக்கத்தில் நல்ல இடம் அமைந்தது. நகைக்கு அப்பா எப்படியோ ஏற்பாடு செய்துவிட்டார். பாத்திரத்துக்கு அந்த வருஷத்து மிளகாயைத்தான் நம்பியிருந்தார். மழையோ வர வேண்டிய நேரத்தில் வராமல், பழம் களத்தில் காய்கிற நேரம் பார்த்து வந்து கொட்டிவிட்டுப் போனது. நிறம் செத்த வத்தலை எந்த வியாபாரி எடுப்பான்? ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா, தட்டைப் பார்த்தபடியே பேச்சை எடுத்தார்.

“ஒம் பாத்திரம் பரண்ல சும்மாத்தான கெடக்கு. லேபிளுகூடப் போகல. அதையே தங்கச்சிக்குக் குடுத்து அனுப்பிருவோம். அடுத்த வெள்ளாமையில ஒனக்கு வேற எடுத்துக்கிடலாம்.”

அவர் கேட்காமலே அம்மா இன்னும் ஒரு கரண்டி குழம்பை ஊற்றினாள்.

அப்பா கேட்டது ஊரில் இல்லாத வழக்கமும் அல்ல. மருமகள் கொண்டுவந்த சீர் நாத்தனாருக்குப் போகும், நாத்தனாரின் சீர் போன இடத்தில் இன்னொருத்திக்குப் போகும், லேபிள் கிழியாத வரைக்கும் குடம் ஊர் ஊராகக் கல்யாணத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஆனால் இவை அம்மாவின் அப்பா வாங்கிக் கொடுத்த பாத்திரங்கள். உழவு மாட்டில் ஒன்றை விற்றுவிட்டுக் கோவில்பட்டிக்குப் போய் வாங்கினாராம். நசுங்கிவிடக் கூடாதென்று குடத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாராம். கல்யாணம் முடிந்த மறுவருஷமே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாவுக்கு அவர் ஞாபகமாக மிஞ்சியது அந்தச் சாக்குமூட்டை ஒன்றுதான். கொடுக்க முடியாது என்று சொல்லவும் அவளுக்கு வழி இல்லை. தாயில்லாப் பெண்ணின் கல்யாணத்துக்குக் குறுக்கே நின்றவள் என்று ஊர் பேசும். அதனால் வாயை மூடிக்கொண்டு என் உயிரை வாங்கினாள்.

மறுநாள் அப்பா காட்டுக்குப் போன கையோடு சாக்கு கீழே இறங்கியது.

“ஏட்டி, இங்கன வா. இந்த லேபிளு ஒண்ணு விடாம உரிச்சு எடு.”

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. தொட்டால் குட்டுகிறவள் கிழிக்கச் சொல்கிறாள். நான் சந்தோஷமாகத்தான் உட்கார்ந்தேன். அந்தச் சந்தோஷம் முதல் தூக்குவாளியோடு தீர்ந்தது. அத்தனை வருஷம் பரண் சூட்டில் கிடந்த காகிதம் இற்றுப்போய்ப் பொடிப்பொடியாக வந்தது. அடியில் இருந்த பசை நகத்துக்குள் ஏறியது. அம்மா சாம்பலைப் போட்டுத் தேய்க்கச் சொன்னாள். சாம்பல் தீர்ந்ததும் நான் கொல்லையிலிருந்து ஒரு கை மண்ணை அள்ளிவந்தேன். கரிசல் மண். மழை பெய்தால் காலைவிட்டுப் போகாத மண்ணைக் கொண்டுவந்து பசைமேல் போட்டால் என்ன ஆகும்? லேபிள் இருந்த இடத்தில் தார் பூசியதுபோல் ஒரு கறுப்புப் பட்டை விழுந்துவிட்டது. தேங்காய் நாரால் தேய்த்ததில் சுற்றிலும் கீறலும் விழுந்தது. அடி நிச்சயம் என்று நினைத்து நான் அழ ஆரம்பித்தேன். அம்மா வந்து பார்த்தாள். கீறலை விரலால் தடவினாள். “பரவால்ல, இன்னும் நல்லாத் தேயி” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஒரு சம்படத்தில் புளியை அடைத்தாள், ஒன்றில் உப்பை. குடத்தில் தண்ணீர் எடுத்துவந்து வைத்தாள். சாயங்காலத்துக்குள் எல்லாம் புழங்கின பாத்திரம் ஆகிவிட்டது.

அப்பா வந்தார். குடத்தைப் பார்த்தார். யார் உரித்தது என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டில் தூங்கின குழந்தை எழுந்துகொண்டது.

“புழங்குத பாத்திரத்துல எதுக்கு லேபிளு?” என்றாள் அம்மா, அடுப்பைப் பார்த்துக்கொண்டு.

அப்பாவால் அதற்குமேல் சண்டை போட முடியவில்லை. காரணம் அவருக்கும் தெரியும். தெரிந்தவர் அதோடு விட்டிருக்கலாமல்லவா? விடவில்லை. மறுநாள் காலையில் ரேஷன் மண்ணெண்ணெய்ப் புட்டியோடு என்னைப் பிடித்து உட்காரவைத்தார். அந்தக் கறுப்புப் பட்டையை அடையாளம் தெரியாமல் எடுத்துவிட்டால் பாத்திரம் மறுபடியும் புதுசாகிவிடும் என்பது அவர் கணக்கு. துணியில் மண்ணெண்ணெயை நனைத்து ஒற்றி, ஊறவிட்டு, ஒரே பக்கமாக வழிக்க வேண்டும், கீறல் விழுந்தால் தோலை உரித்துவிடுவேன் என்றார். நேற்று உரிக்கச் சொன்னது ஒரு ஆள், இன்று உரித்ததை மறைக்கச் சொன்னது இன்னொரு ஆள். உட்கார்ந்து தேய்த்தது மட்டும் நான்.

அதற்குப் பிறகு நடந்தது குடித்தனமா கூத்தா என்று எனக்குத் தெரியவில்லை. அப்பாவுக்காக நான் ஒரு சம்படத்தைப் பளபளப்பாக்கி வெயிலில் கவிழ்த்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன். திரும்பி வரும்போது அதில் கருப்பட்டி இருக்கும், மூடியில் ஈ மொய்க்கும். அப்பா கருப்பட்டியைக் கொட்டிவிட்டுக் கழுவச் சொல்வார். கழுவினதை அம்மா எடுத்து அதில் மோர் ஊற்றுவாள். இரண்டு பேரும் ஒருவரிடம் ஒருவர் ஒரு வார்த்தை பேசுவதில்லை. எல்லாவற்றையும் என்னிடம்தான் பேசினார்கள். “ஒழுங்காத் தேய்க்கத் தெரியல” என்று அப்பா திட்டினார். “ஒனக்கு வேற சோலி இல்லையா” என்று அம்மா திட்டினாள். வீடு, சோறு, என் பாடப்புத்தகம் எல்லாவற்றிலும் மண்ணெண்ணெய் வாடை. டீச்சர் என்னைப் பக்கத்தில் வராதே என்றார்.

வெயிலில் காய்ந்த குடத்தில் பசை இளகிவிடும், அப்போது கட்டைவிரலால் உருட்டினால் நூல்போல வந்துவிடும் என்பதை நானே கண்டுபிடித்தேன். மற்ற நேரமாக இருந்தால் யாராவது கெட்டிக்காரி என்றிருப்பார்கள்.

அத்தை இதில் எதிலும் தலையிடவில்லை. பகல் முழுக்க வத்தலைப் பரப்பி வைத்துக்கொண்டு நல்லது கெட்டது பிரித்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் நான் தூக்குவாளியும் கையுமாக உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“லேபிள உரிக்கச் சொன்னது மதினியா?”

ஆமாம் என்றேன்.

“உரிக்கும்போது அழுதாவளா?”

அம்மா எதற்கு அழ வேண்டும், விரலெல்லாம் எரிவது எனக்கல்லவா என்று எரிந்து விழுந்தேன். அத்தை என் கையைப் பிடித்துப் பார்த்து, நல்லெண்ணெய் கொண்டுவந்து தடவிவிட்டாள்.

கடைசியில் அப்பா ஒரு யோசனை கண்டுபிடித்தார். கோவில்பட்டியில் பாத்திரக்கடைக்காரர் ஒருவர் அவருக்குப் பழக்கம். அவரிடம் கேட்டுப் புது லேபிள்களாக வாங்கிவந்து ஒட்டிவிட்டால் தீர்ந்தது என்று ஒரு காலையில் பஸ் ஏறிப் போனார். மத்தியானம் அம்மா மண்குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போயிருந்தாள். அந்த நேரத்தில் தெருவில், “பாத்திரத்துக்குப் பேரு வெட்டணுமா, பேரு” என்று சத்தம் கேட்டது. சின்னச் சுத்தியலும் உளியும் வைத்துக்கொண்டு, பாத்திரத்தில் புள்ளி புள்ளியாகப் பேர் அடித்துக் கொடுக்கிறவர் எப்போதாவது ஒருதரம் எங்கள் ஊருக்கு வருவார். அத்தை எழுந்து வாசலுக்குப் போய் அவரைக் கூப்பிட்டாள். என்னை உள்ளே அனுப்பி ஒரு பாத்திரம் விடாமல் எடுத்துவரச் சொன்னாள்.

கல்யாணப் பெண் தன் பேரை வெட்டிக்கொள்ளப் போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். அவள் அவரிடம் அம்மாவின் பேரைச் சொன்னாள். அதற்கு முன்னால் அம்மாவுடைய அப்பா பேரின் முதலெழுத்தையும் போடச் சொன்னாள். லேபிள் இருந்த இடத்தைக் காட்டி, “இங்கனயே வெட்டுங்க அண்ணாச்சி, நல்லா ஆழமா” என்றாள். நான் ஒரு வாரமாகக் கீறல் விழாமல் பார்த்துப் பார்த்துத் தேய்த்த இடத்தில் உளி டொக் டொக்கென்று இறங்கியது. எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது.

தண்ணீர்க் குடத்தோடு வந்த அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். கடைசிச் சம்படம் முடிகிற நேரத்துக்கு அப்பாவும் வந்து சேர்ந்தார், சட்டைப்பையில் புது லேபிள்கள். இனி எதை எங்கே ஒட்டுவது? அவர் கையை ஓங்கிவிட்டார். அத்தை நகரவில்லை. தெரு முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

“பிசுக்குப் பிடிச்ச பழைய பாத்திரத்தோட என்னைய அனுப்பப் பாக்குதியளாக்கும்? அங்கன எவ என்னைய மதிப்பா? எனக்கு வேண்டாம். மதினியே வச்சுப் புழங்கட்டும், அதான் அவிய பேரையே வெட்டச் சொல்லிட்டேன்.”

எவ்வளவு திமிர் பாருங்கள் என்று தெரு பேசியது. வளர்த்த அண்ணன் கஷ்டத்தில் இருக்கும்போது புதுசு கேட்கிறாளே என்றார்கள். நானும் அதையேதான் நினைத்தேன், இன்னும் அதிகமாக. என் விரல்கள் புண்ணானது இவளுக்காகத்தானே, இவளுக்கு அது பிசுக்குப் பிடித்த பழைய பாத்திரமா? அப்பா புதுசும் வாங்க முடியாமல், பழைய பித்தளைச் சாமான்களைப் புளிபோட்டு விளக்கித்தான் அத்தையை அனுப்பினார். வெறுங்கையோடு வந்தவள் என்று மாமியார் வீட்டில் அவளை நெடுங்காலம் குத்திக்காட்டியிருக்கிறார்கள். அது எனக்குத் தெரிந்தபோது எனக்கே கல்யாணம் ஆகியிருந்தது. அத்தை சொல்லவில்லை, அவள் மகள்தான் பேச்சுவாக்கில் சொன்னாள். ஒரு சம்படத்தைக்கூடக் கேட்டு அத்தை எங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பியதில்லை.

பேர் வெட்டிய அன்று சாயங்காலம் அம்மா அத்தையைக் கூப்பிட்டு முன்னால் உட்காரவைத்துத் தலை வாரிவிட்டாள். “ஒனக்கு ஏதும் புத்தி கெட்டுப்போச்சா? அங்கன போயி என்ன பதில் சொல்லப்போற?” என்று வைதுகொண்டே சிக்கெடுத்தாள். வைய வைய அவள் கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருந்தது. “இறுக்கிப் பின்னுங்க மதினி” என்றாள் அத்தை, வேறொன்றும் நடக்காததுபோல. அம்மா பின்னி முடித்த பிறகும் அந்தச் சடையைக் கையிலிருந்து விடவில்லை.

நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தேன். தன் அப்பா கொடுத்த பாத்திரத்தை நடுத்தெருவில் வைத்துப் பழசு என்று கேவலப்படுத்தியவளுக்கு அம்மா உட்கார்ந்து சடை பின்னிவிடுகிறாள். யார்மேல் கோபப்பட வேண்டும் என்றுகூட இந்த அம்மாவுக்குத் தெரியவில்லையே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.