ஈஸ்வரியின் அலுமினிய ஷாஃப்ட்

செவ்வாய்க்கிழமை காலை ஒரு டிராக்டரைப் பிரித்துப் போட்டுவிட்டுக் கையெல்லாம் கிரீஸாக உட்கார்ந்திருந்தேன். ஜீப் ஸ்டாண்டிலிருந்து பாண்டி போன் செய்தான். "காதரண்ணே, நம்ம ஈஸ்வரி அக்கா தவறிருச்சுண்ணே" என்றான். மெக்கானிக் புத்தி எங்கே போகும்? "வண்டி எங்கடா கெடக்கு?" என்றுதான் முதலில் கேட்டேன். "வண்டி வீட்டு வாசல்ல நல்லாத்தான் நிக்குது. நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லுச்சாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு" என்று அழுதான். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அவர் வீட்டுக்குக் கிளம்பினேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு விடிந்ததும் வேலையாட்களை ஏற்றிக்கொண்டு போய், சாயங்காலம் இறக்கிக் கொண்டுவரும் ஜீப்புகளில் ஒன்று அவருடையது. கணவர் முருகேசனுக்குச் சர்க்கரையால் கண் பார்வை குறைந்தபோது, "வண்டிய வித்துட்டு நாம என்னத்தத் திங்கிறது?" என்று சாவியை வாங்கிக்கொண்டவர். எங்கள் ஸ்டாண்டில் ஸ்டியரிங் பிடித்த ஒரே பெண்மணி அவர்தான்.

என் பட்டறைக்கு முதன்முதலாக வந்தபோது நான், "ஆம்பள யாரும் வரலையா?" என்று கேட்டேன். கொஞ்சமும் முகம் சுளிக்கவில்லை. "வண்டிக்கு ஆம்பள பொம்பள தெரியாதுண்ணே. கிளட்சு வழுக்குது, பாருங்க" என்றார். படுத்துப் பார்த்தேன். கிளட்ச்தான்.

எங்கள் ஊர் ஜீப்புகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பின்னால் இன்னும் நாலு பேர் உட்காரட்டும் என்று நாங்கள் சேசிஸ் என்கிற அடிச்சட்டத்தை வெட்டி நீட்டிவிடுவோம். வண்டி நீண்டால், கியர் பாக்ஸின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஜாயிண்ட் ஷாஃப்டும் நீள வேண்டும் அல்லவா? அந்த இரும்புக் குழாயையும் வெட்டி, நடுவில் ஒரு துண்டை வைத்து வெல்டிங் அடிப்போம். ஈஸ்வரியின் வண்டிக்கு அதைச் செய்தவன் நானேதான். வண்டி வேகம் நாற்பதைத் தாண்டினால் போதும், உள்ளே மாவு மில் ஓடுகிற மாதிரி ஒரு அதிர்வு சீட்டு வழியாக ஏறி வரும். எல்லா வண்டியும் அப்படித்தான் என்று யாரும் சட்டை செய்ததில்லை.

அந்த அதிர்வு அவருடைய முதுகெலும்பைத் தின்றுவிட்டது. மதுரையில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், "இந்த ஆட்டத்துல இன்னும் ஒரு வருசம் உக்காந்தீங்கன்னா நடக்க முடியாதும்மா. ஜீப்ப விட்டுருங்க" என்று சொல்லிவிட்டார். வண்டியை விட்டால் ஸ்டாண்டில் இடம் போகும், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகளின் படிப்பும் நிற்கும். நான் உட்பட எல்லோரும் விற்கத்தான் சொன்னோம்.

அவர் போனோடு வந்தார். ரேஸ் கார்க்காரர்கள் இரும்பு ஷாஃப்டைக் கழற்றிவிட்டு அலுமினியத்தில் மாட்டுகிற வீடியோவைக் காட்டினார். "எடை பாதி கூட இல்லையாம்ண்ணே. குழாய் தடிமனா, ஒரே துண்டா இருக்குமாம். ஆட்டமே வராதாம்."

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "ஏன் தாயி, இட்லிச் சட்டி செய்யிற சாமானைக் கொண்டாந்து மலை ஏத்தப் போறியா?" என்றேன். "சட்டியோ சருவமோ, நான் வண்டி ஓட்டணும்ண்ணே" என்றார். கோயம்புத்தூரில் ஒரு பட்டறையைத் தானே தேடிப் பிடித்து, அளவு கொடுத்தார். ஷாஃப்ட் பார்சலில் வந்தும் சேர்ந்தது. ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார். பழைய ஷாஃப்டைத் தூக்க எனக்கே இரண்டு கை வேண்டும்.

மாட்டிக் கொடுத்தேன். முந்தல் ரோட்டில் ஓட்டிப் பார்த்தார். அட கொடுமையே, முன்னைவிட மோசம்! முப்பத்தைந்திலேயே கண்ணாடி கடகடவென்று ஆடியது. ஸ்டாண்டே கூடி வேடிக்கை பார்த்தது. "அக்கா, பாத்திரக் கடையக் கட்டி இழுத்தா சத்தந்தான் வரும்" என்று பாண்டி கைகொட்டிச் சிரித்தான். "நான் அப்பவே சொன்னேன்ல" என்று நானும் சேர்ந்துகொண்டேன். ஈஸ்வரி வண்டியை என் பட்டறையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். கம்பத்திலிருந்து ஒருவர் வண்டி வாங்க வருவதாக மறுநாள் சொன்னார்கள்.

அந்தக் கம்பத்துக்காரர் வர வேண்டிய வெள்ளிக்கிழமை, நான் ஜும்மா தொழுகை முடித்துப் பட்டறைக்கு வந்தால், ஜீப்புக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"இந்த முதுகை வச்சுக்கிட்டு அங்க என்ன தாயி பண்ற?"

"இங்க வாங்கண்ணே. குழாயில ஒரு அம்புக்குறி போட்டிருக்கான். அதுக்குள்ள சொருகுற நுனியில ஒண்ணு போட்டிருக்கான். ரெண்டும் நேருக்கு நேரா வரணும், இல்லேன்னா ஆடும்னு பார்சலோட வந்த காகிதத்துல படம் இருக்கு. இங்க ஒண்ணு மேல பாக்குது, ஒண்ணு செவத்தப் பாக்குது."

படுத்துப் பார்த்தேன். எனக்கு வேர்த்துவிட்டது. குறி பார்த்து மாட்டுகிறவன் கத்துக்குட்டி, எனக்குக் கை போதும் என்று முப்பது வருடமாகத் திமிரோடு இருந்தவன் நான். அந்தக் காகிதத்தைப் பிரித்தே பார்க்கவில்லை. தப்பு பண்ணினவனுக்குத்தானே கோபம் முதலில் வரும்? "இரும்பு ஷாஃப்ட்டுக்கு எவன் குறி பாக்குறான்? எனக்கு வந்து பாடம் சொல்றியா?" என்று கத்தினேன்.

"சரிண்ணே, கோவத்தப் பெறகு படுவோம். அஞ்சு மணிக்குக் கம்பத்துக்காரர் வர்றாரு. வெரசா கழட்டுங்க" என்றார்.

கழற்றி, குறியை நேராக்கி மாட்டினேன். அதே முந்தல் ரோடு. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நாற்பது. ஐம்பது. அறுபது. எஞ்சின் சத்தம் தவிர ஒன்றுமில்லை. சீட்டில் கை வைத்துப் பார்த்தேன், சும்மா கிடந்தது. ஈஸ்வரி ஸ்டியரிங்கைத் தட்டி, "போடு!" என்று ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், ரோட்டோரம் மேய்ந்த ஆடுகள் சிதறி ஓடின. அவருக்குக் கண்ணில் தண்ணீர். எனக்கும்தான்.

ஸ்டாண்டில் கம்பத்துக்காரர் காத்திருந்தார். "மன்னிச்சுக்கங்க, வண்டி விக்கிறதுக்கு இல்லீங்க" என்று சொல்லி ஈஸ்வரி அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். அப்புறம் எப்படி ஆட்டம் நின்றது என்று எல்லோரும் மொய்த்துக்கொண்டார்கள். நான் டீக் கிளாஸோடு விறைத்து நின்றேன். என் பக்கம் திரும்பாமலே, "புதுச் சாமான்தான, ஓட ஓட செட்டாயிருச்சு. காதரண்ணன் கைராசி" என்றார். என் தொழில் அன்றைக்கு அந்த ஒரு வார்த்தையில் பிழைத்தது.

மறுநாள் வேலையாட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறினார். அது வரைக்கும் அந்த வண்டியில் யார் பேசினாலும் பக்கத்து ஆளுக்கே கேட்காது. அன்று பின்சீட்டில் ஒருத்தி தன் சம்பந்தியைப் பற்றிப் பேசியது முன்சீட்டில் இருந்த சம்பந்திக்கே தெளிவாகக் கேட்டுவிட்டது. மெட்டில் இறங்கியதும் இருவரும் முடியைப் பிடிக்காத குறை. "சண்டைய விலக்கி விடுறதுக்குத்தாண்ணே அரை மணி நேரம்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார் ஈஸ்வரி. அதற்குப் பிறகு ஒன்பது வருடம் ஓட்டினார். ஷாஃப்ட் மாட்டிய அடுத்த வருடம் அவரைப் பார்த்த டாக்டர், முதுகு அதற்கு மேல் கெடவில்லை என்று ஆச்சரியப்பட்டாராம். மகள் படிப்பை முடித்து வேலைக்கும் போய்விட்டாள். எங்கள் ஸ்டாண்டில் ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லோரும் அலுமினியத்துக்கு மாறினார்கள். எல்லாம் நான்தான் மாட்டினேன், குறி பார்த்து.

நேற்று ஸ்டாண்டில் அவருடைய படத்துக்கு மாலை போட்டு, என்னை நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். எழுந்தேன். ஒன்பது வருடமாகத் தொண்டையில் கிடந்ததைச் சொல்லிவிட்டேன். "அன்னைக்கு வண்டி ஆடுனதுக்குக் காரணம் அலுமினியம் இல்ல, நான். கண்டுபிடிச்சது அந்தத் தாயி. என்னைக் காட்டிக் கொடுக்காம இருந்ததும் அந்தத் தாயிதான். என் திமிர்னால அன்னைக்கு அந்தத் தாயியோட வண்டியே கைய விட்டுப் போக இருந்துச்சு" என்றேன்.

முருகேசன் நாற்காலியிலிருந்து என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். "எங்கிட்டக்கூடச் சொல்லலியே பாய்! கைராசி கைராசின்னு உங்கள எத்தனை தடவை புகழ்ந்திருப்பா, திருடி!" என்று சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். பாண்டி சிரித்தான். பிறகு ஸ்டாண்டே சிரித்தது. அழுத கண்ணோடு அத்தனை டிரைவர்களும் கைதட்டினார்கள். மாலைக்குள்ளிருந்து அவர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெயிச்சிட்ட தாயி. போயிட்டு வா.