அம்மா சொன்ன சாட்சி

எங்கள் அம்மா தன் ஆயுசில் ஒரே ஒரு தடவைதான் கோயிலில் எழுந்து நின்று பேசினாள். பேசியது மொத்தம் ஒரு நிமிஷம் இருக்கும். கையில் ஒரு சேவல் வேறு இருந்தது. எனக்கு இன்றைக்கும் நாலு பேர் முன்னால் வாய் வராது. ஆனாலும் அந்த அம்மாவுக்குப் பிறந்தவள் என்று நினைத்துக்கொண்டால், உட்கார்ந்த இடத்திலேயே கொஞ்சம் நிமிர்ந்துகொள்வேன்.

அப்போது நாங்கள் பள்ளிவாசல் என்கிற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். எனக்கு எட்டு வயது, தம்பி கைக்குழந்தை. மலையாளத்தார் தங்கள் வருஷக் கணக்கில் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்று இன்னமும் சொல்கிறார்களே, அந்த வருஷம்; இங்கிலீஷ் கணக்குக்கு 1924. எங்களைத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலைக்குக் கூட்டி வந்த கங்காணியும் எங்களைப் போல வேதக்காரர், கிறிஸ்தவர்தான். அவருக்கு இரண்டு குரல் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடுகிற குரல் ஒன்று. திங்கட்கிழமை விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் நின்று பேர் கூப்பிடுகிற குரல் இன்னொன்று. இரண்டும் ஒரே தொண்டையிலிருந்து வருகிறது என்பது எனக்கு ரொம்ப நாள் ஆச்சரியமாக இருந்தது.

ஆடி மழை தொடங்கியதும் தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. அம்மா மூன்று நாள் கொழுந்து பறிக்கப் போகவில்லை. நாலாம் நாள் கங்காணி குடையோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். திங்கட்கிழமைக் குரல்.

"வேலைக்கு வராதவளுக்கு லயத்துல வீடு எதுக்கு? மேல மாட்டுக்கொட்டில் சும்மா கெடக்கு. அங்க போங்க."

வீடு வேண்டியிருந்தது அவர் தங்கச்சிக்கு என்பது எங்கள் வரிசை வீட்டு லயம் முழுக்கத் தெரிந்த சங்கதி. அவள் புருஷனோடும் நாலு வயசு மகளோடும் அப்போதுதான் ஊரிலிருந்து வந்து, கங்காணி வீட்டிலேயே நெருக்கிக்கொண்டு இருந்தாள். அப்பா கெஞ்சிப் பார்த்தார். அம்மா கெஞ்சவில்லை. தம்பியைக் கம்பளிக்குள் சுற்றி மார்போடு கட்டினாள், சட்டிபானையைக் கூடையில் அடுக்கினாள், சேவலை என் கக்கத்தில் கொடுத்தாள். நாங்கள் மழையில் மலையேறினதை லயமே கதவிடுக்கு வழியாகப் பார்த்தது.

கிளம்புமுன் நான் ஒரு காரியம் செய்தேன். அந்த வீட்டுச் சுவரில் ஒரு பொந்து. துரை பங்களாவில் உடைந்த பீங்கான் தட்டில் ஒரு நீலத் துண்டை அதில் ஒளித்து வைத்திருந்தேன். கொட்டிலில் ஒளிக்கச் சுவரே இருக்காது என்று அப்பா சொல்லியிருந்தார். அதனால் அந்தத் தங்கச்சியின் சின்னப்பிள்ளையைக் கூப்பிட்டுப் பொந்தைக் காட்டினேன். "நான் திரும்பி வாற வரைக்கும் நீ வச்சிரு. யார்கிட்டயும் சொல்லாத." அவள் பெரிய மனுஷி மாதிரித் தலையாட்டினாள்.

கொட்டிலில் சாணி நாற்றம். கூரை பத்து இடத்தில் ஒழுகும். அம்மா ஒழுகாத மூலையில் தம்பியைப் போட்டாள்; நாங்கள் எல்லாரும் அவனைச் சுற்றி நனைந்தோம். கங்காணிக்கு என்னென்ன நடக்கவேண்டும் என்று நான் தினமும் ஜெபம் பண்ணினேன். அதை இங்கே எழுத முடியாது.

பத்து நாள் விடாத மழைக்குப் பிறகு ஒரு முற்பகலில், இடி உருண்டு உருண்டு நிற்காமல் போவது மாதிரி ஒரு சத்தம் கேட்டது. கீழ்லயத்துக்கு மேலே இருந்த சரிவு அப்படியே இறங்கிவிட்டது. ஓரத்து நாலு வீடுகள் மண்ணுக்கடியில் போயின. எங்கள் பழைய வீடும் அதில் ஒன்று. தங்கச்சிக்குக் கங்காணி சலுகை காட்டுகிறார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று, அவளையும் அவள் புருஷனையும் அந்த மழையிலும் அவர் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார். வீட்டில் பிள்ளை மட்டும் இருந்தாள்.

அவளை எடுக்க இரண்டு நாள் ஆனது. கங்காணியும் மண்வெட்டி பிடித்தார் என்று அப்பா வந்து சொன்னார். அம்மா தம்பியைக் கீழே விடாமல் நடந்துகொண்டே இருந்தாள்.

நான் அழுதேன். அது உண்மை. ஆனால் ஒரு வாரம் போனதும் என் மனசுக்குள் வேறொன்று முளைத்தது. கோயிலில் ஜெபம் நடத்த அடுத்த தோட்டத்திலிருந்து நடந்து வரும் உபதேசியார்தான் அதற்கு விதை போட்டார். நல்ல மனுஷர்; கிழிந்த குடையோடு எங்கள் கொட்டிலுக்கு வந்து ஜெபித்தார். கர்த்தருக்குத் தெரியாமல் ஒன்றும் நடக்காது, கங்காணி கெட்டது செய்ய நினைத்தார், கர்த்தர் அதையே உங்களைக் காக்கிற வழியாக்கினார் என்று சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அப்படியென்றால் மேலே இருக்கிறவருக்கு எங்கள் குடும்பத்தைத் தெரியும்! மறுநாளே தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் மற்றப் பிள்ளைகளிடம், கர்த்தர் எங்களுக்காகத்தான் வீட்டைக் காலி பண்ண வைத்தார் என்று அளந்துகொண்டிருந்தேன். பின்னால் அம்மா குடத்தோடு நின்றதை நான் பார்க்கவில்லை. அவள் அடிக்கவில்லை. குடத்தை நிரப்பி என் தலையில் ஏற்றி, "இதக் கொண்டுபோய் அந்தப் பிள்ளையோட அம்மைக்கு ஊத்திட்டு வா" என்றாள். அன்றைக்கு மட்டுமல்ல, தினமும் ஊற்ற வைத்தாள்.

புரட்டாசிக் கடைசியில் மழை வெறித்தது. ஸ்தோத்திரப் பண்டிகை வந்தது. எங்கள் கோயில் தகரம் போட்ட ஒரு கொட்டகைதான். பண்டிகையன்று ஒவ்வொரு வீட்டாரும் காணிக்கையோடு மேசைக்கு முன்னால் போய், இந்த வருஷம் கர்த்தர் செய்த நன்மை இன்னதென்று சாட்சி சொல்லவேண்டும். கோழி, பூசணிக்காய், முட்டை, எது வந்தாலும் ஜனங்கள் "ஸ்தோத்திரம்" என்பார்கள். சாட்சி நன்றாக இருந்தால் சத்தமும் பெரிதாக இருக்கும்.

முந்தின வாரமே கங்காணி ஆள் அனுப்பியிருந்தார். மேட்டில் புது லயம் கட்டியாகிவிட்டது. முதல் வீடு எங்களுக்குத்தான். அம்மா பண்டிகையில் எழுந்து, நடந்தது எல்லாம் கர்த்தருடைய செயல், கங்காணியார் கை அதற்குக் கருவியாக இருந்தது என்று சாட்சி சொன்னால் போதும். அப்பாவைத் துரை, உடைந்த ரோட்டைச் சரிபண்ணத் தூரத்தில் போட்டிருந்தார். அதனால் அம்மாதான் சொல்லவேண்டும். தம்பிக்கு இருமல் இன்னும் விடவில்லை. முதல் வீட்டுக்குப் பலகைக் கதவு, ஒழுகாத தகரம். நான் போய்ச் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டே வந்தேன்.

பண்டிகையன்று அம்மா, பிள்ளையைப் பறிகொடுத்த அந்தத் தங்கச்சிக்குப் பக்கத்தில் போய்ப் பாயில் உட்கார்ந்தாள். அவள் எங்கேயும் பார்க்கவில்லை. சேவல் என் மடியில், காலைக் கட்டியிருந்தது. உபதேசியார் நீளமாக ஜெபித்த நேரத்தில் அது ஒரு கூவு கூவிவிட்டது. பின்னாலிருந்து ஒரு கிழவர், "ஏட்டி, உன் சேவலுக்குப் பசிக்குதாம், சீக்கிரம் ஆமென் சொல்லச் சொல்லு" என்றார். நான் வெட்கத்தில் செத்தேன்.

எங்கள் முறை வந்ததும் கங்காணியே எழுந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக் குரல்தான், ஆனால் கரகரத்தது. "இந்தக் குடும்பத்தக் கொட்டிலுக்கு அனுப்பினேன். எல்லாரும் என்னைத் திட்டுனீங்க. அது என் செயல் இல்ல, கர்த்தர் என் கையைப் பிடிச்சுச் செய்ய வச்சாரு. நீயே சொல்லு தாயி."

அம்மா என் மடியிலிருந்து சேவலை எடுத்துக்கொண்டு போனாள். முக்காட்டைச் சரிபண்ணினாள். சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"கர்த்தர் எங்களக் காத்தாரு. அதுக்கு இந்தச் சேவல்" என்றாள். ஜனங்கள் "ஸ்தோத்திரம்" என்றார்கள். அவள் போகாமல் நின்றாள். "ஆனா காய்ச்சப் பிள்ளையோட எங்கள மழையில வெளிய அனுப்புனது அவரு இல்ல அண்ணாச்சி. அது நீங்க. கெட்டதுலயும் நல்லத எடுக்க அவருக்குத் தெரியும். அதுக்காக உங்க கெட்டத அவரு தலையில வைக்காதீங்க. அந்தப் பிள்ள எதுக்குப் போச்சுன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சவரு மேல இருக்காரு. அவரு முகத்தப் பாக்கிற அன்னைக்குக் கேப்பேன். அது வரைக்கும், அவ பக்கத்துல உக்காந்துக்கிட்டு என்னால இதுக்கு ஸ்தோத்திரம் சொல்ல ஏலாது."

சேவலை மேசைக்காலில் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். உபதேசியார் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். கங்காணி நின்றபடியே நின்றார். அப்போது பக்கத்திலிருந்த தங்கச்சி அம்மாவின் மடியில் விழுந்து, பிள்ளை போன நாளிலிருந்து அழாத அழுகையை அழுதாள்.

முதல் வீடு போயிற்று என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. வேறு யாருக்கோ கொடுத்தார்கள். ஆனாலும் திரும்பி வரும்போது அம்மாவுக்கு முன்னால் நடந்தேன். கங்காணியையே வாயடைக்க வைத்தவளின் மகள் வருகிறாள் என்று வழியில் எல்லாரும் பார்க்கட்டும் என்றுதான்.

நாலைந்து நாள் கழித்துச் சாயங்காலம் கங்காணி கொட்டிலுக்கு வந்தார். குடை இல்லை, தொப்பி இல்லை. உள்ளே வராமல் மாடு கட்டுகிற முளையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரிடம் மூன்றாவது ஒரு குரல் இருந்ததை அன்றைக்குத்தான் கேட்டேன்.

"நாந்தான் தாயி. உன்னை அனுப்பினதும் நாந்தான். தங்கச்சி பிள்ளைய அந்த வீட்டுல வச்சதும் நாந்தான்."

அம்மா விரட்டப்போகிறாள் என்று ஆசையாகக் காத்திருந்தேன். அவள் அடுப்பை ஊதிக் கருப்பட்டிக் காப்பி போட்டு, எங்களிடம் இருந்த ஒரே வெண்கலத் தம்ளரில் கொடுத்தாள். எனக்குச் சப்பென்று போய்விட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டதும், ஐப்பசி மழைக்கு முன்னே கூரை மேயவேண்டும் என்று அவரே புல்லுக்கட்டோடு வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொட்டில் மேலே ஏறினார். பெரட்டில் நூறு பேரை நடுங்க வைக்கிற கங்காணி எங்கள் கூரை மேல்! அம்மா கீழேயிருந்து கட்டுக் கட்டாகப் புல்லை எடுத்துக் கொடுத்தாள். நான் பீலியடிக்கு ஓடி, எங்கள் அம்மா கங்காணியையே வேலை வாங்குகிறாள், வந்து பாருங்கள் என்று கத்தினேன். பிள்ளைகள் எல்லாரும் வந்து வரிசையாக நின்று பார்த்தார்கள். அவ்வளவு பெருமையாக நான் அதற்கு முன்னும் நின்றதில்லை, பின்னும் நின்றதில்லை.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. வானம் நன்றாக வெளுத்திருந்தது. அப்படியும் அவர் தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கூரை எப்போதோ மேய்ந்து முடிந்துவிட்டது. ஓட்டை ஒன்றுகூட மிச்சமில்லை; அவர் இறங்கவுமில்லை. அம்மாவும் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, குனிந்து இன்னொரு கட்டுப் புல்லை எடுத்து அவரிடம் நீட்டினாள்.