உப்பு ஒரு கல்லு கம்மி

முப்பது வருஷமாகச் சேஷன் சாப்பாட்டு மேஜையில் பேசிய வசனம் ஒன்றுதான். முதல் கவளம் உள்ளே போகும். கண் லேசாக மூடும். "உப்பு ஒரு கல்லு கம்மி" என்பார். சொல்லிவிட்டு முழுவதையும் சாப்பிடுவார். மனைவி வத்சலா அதற்குப் பதில் சொன்னதில்லை, அவரும் எதிர்பார்த்ததில்லை. டெல்லியில் மத்திய அமைச்சகம் ஒன்றில் அவருக்கு வேலையே, கீழே இருப்பவர்கள் எழுதிக் கொண்டுவரும் வரைவில் ஒரு காற்புள்ளியாவது மாற்றுவது. வீட்டிலும் அதே வேலையைச் சம்பளமில்லாமல் பார்த்தார்.

போன ஜூனில் வத்சலாவுக்குப் பதவி உயர்வு வந்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனி, புவனேஸ்வரத்துக்கு மாற்றல். குழந்தைகள் படிப்பு என்று ஏற்கெனவே இரண்டு முறை பதவி உயர்வை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவள். மூன்றாவது முறை எழுதவில்லை. "போயிட்டு வா, ரெண்டு வருஷம்தானே" என்று சேஷன்தான் பெருந்தன்மையாகச் சொன்னார். அவள் அவ்வளவு சீக்கிரம் பெட்டி கட்டுவாள் என்று நினைக்கவில்லை.

போகும்போது பிள்ளைகள் இருவருக்கும் உத்தரவு போட்டாள்: புதன்கிழமை ராத்திரி அப்பாவோடு சாப்பிட வேண்டும். பிள்ளை சுந்தரேஷுக்குக் குர்காவ்னில் வேலை, அங்கேயே ஜாகை. பெண் ஸ்வப்னா ஆராய்ச்சி மாணவி. முனிர்காவில் தோழிகளோடு ஒரு அறை. நூலகம் பக்கம் என்று காரணம் சொல்லியிருந்தாள். பக்கம்தான். முனிர்காவிலிருந்து தங்கள் கிட்வாய் நகர் வீடு மட்டும் என்ன தூரம் என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

சேஷன் சமைக்கக் கற்றுக்கொண்டார். போனில் வத்சலா சொல்ல, இவர் செய்தார். ஒரே ஒரு விதியை மட்டும் அவள் சொல்லித்தரத் தேவை இருக்கவில்லை: சமைக்கும்போது ருசி பார்க்கக் கூடாது. சமைத்ததை முதலில் சுவாமி அலமாரிக்குக் காட்ட வேண்டும். அதற்கு முன் வாயில் வைத்தால் எச்சில். வாசனையிலும் நிறத்திலும்தான் உப்பு தெரிய வேண்டும். சேஷனுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. கல்லூரி நாளிலேயே விட்டாயிற்று. ஆனாலும் கடவுளுக்கு முன்னால் சாப்பிட மனசு வராது.

புதன்தோறும் பிள்ளைகள் வந்தார்கள். "நன்னா இருக்குப்பா" என்றார்கள். முதல் மாதம் சேஷனுக்குப் பெருமை. சமையல் ஒன்றும் பெரிய வித்தை இல்லை போலிருக்கிறதே என்றுகூட நினைத்தார். பிறகு சுந்தரேஷுக்கு இரண்டு புதன் மீட்டிங் வந்தது. ஸ்வப்னாவுக்கு ஒரு புதன் தலைவலி. கடைசியில் ஒரு திங்கட்கிழமை அவள் போன் செய்தாள்.

"அப்பா, சுந்தரும் நானும் பேசிண்டோம். இனிமே மாசத்துக்கு ஒரு தடவை வெச்சுக்கலாமா? வாராவாரம்னா தோடா முஷ்கில் ஆறது. உங்களுக்கும் சிரமம்."

சிரமம் என்று சேஷன் சொன்னதே இல்லை. இல்லை என்றும் சொல்லியிருக்கவில்லை.

"பண்ணிக்கலாம். இந்த புதன் மட்டும் வாங்கோ. உனக்கு என்ன வேணும் சொல்லு, பண்றேன்."

"எதுக்குப்பா..."

"சொல்லேன்."

"ஸ்லாப்பி ஜோ பண்ணுங்கோ, பாக்கலாம்!" என்று சிரித்தாள்.

"யார் அது?"

"யாரும் இல்லப்பா. அமெரிக்கா ஐட்டம். கீமா, அதான் கொத்துக்கறி, அதைத் தக்காளி சாஸ்ல கொழகொழன்னு வதக்கி பன்னுக்கு நடுவுல வெக்கறது. கறி இல்லாமலும் பண்ணலாம். ரூம்ல பண்ணுவோம். நான் ரெண்டு சாப்பிடுவேன்."

போனை வைத்த பிறகு சேஷன் காதில் நின்றது அந்தக் கடைசி வாக்கியம். இந்த வீட்டில் அரைக் கிண்ணம் ரசஞ்சாதத்தோடு கையலம்பும் பெண், இரண்டு சாப்பிடுவாளாம். இரண்டு சாப்பிடுகிற வீட்டுக்கு யாராவது மாதத்துக்கு ஒரு தடவை வருவார்களா? புதன்கிழமையைக் காப்பாற்ற வழி கிடைத்துவிட்டது என்று முடிவு செய்தார்.

மறுநாள் ஆபீஸ் முடிந்து ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் இறங்கினார். மளிகைக் கடை சுப்பு திருநெல்வேலிப் பக்கம். பல வருஷப் பழக்கம். பன் பாக்கெட்டைப் பார்த்ததும் அவன் கண் விரிந்தது.

"என்ன சார், அப்பளம் வாங்குத ஆளு பன்னு வாங்குதீங்க? மேடம் ஊர்ல இல்லன்னதும் குளிர் விட்டுப் போச்சோ?"

"கீமா மாதிரி இருக்கணும் சுப்பு. ஆனா கீமாவா இருக்கப்படாது."

"அதுக்குன்னே ஒண்ணு இருக்கு சார். மீல்மேக்கர் தூளு. இங்க நியூட்ரின்னு சொல்லுவாங்க. பஞ்சாபிக்காரன் செவ்வாக்கிழமை கறி தின்னமாட்டான்லா, அன்னிக்கு இதைத் தின்னுட்டு கறின்னு நெனச்சுக்கிடுவான்."

போனில் தேடி எடுத்திருந்த செய்முறை இன்னொரு சாஸும் கேட்டிருந்தது. பாட்டிலைத் திருப்பிக் கண்ணாடியைத் தூக்கிப் படித்தார். பொடி எழுத்தில் மீன் இருந்தது. அப்படியே திருப்பி வைத்துவிட்டுச் சோயா சாஸ் எடுத்துக்கொண்டார்.

புதன் மாலை அடுப்படியில் எல்லாம் ஒழுங்காகத்தான் தொடங்கியது. வெங்காயம், பூண்டு, குடைமிளகாய் ஒரே அளவில் நறுக்கப்பட்டன. செய்முறையில் கடுகு என்று போட்டிருந்தது. அமெரிக்கர்கள் அரைத்த விழுதைச் சொல்கிறார்கள் என்று சேஷனுக்கு எப்படித் தெரியும்? எண்ணெயைக் காயவைத்துக் கடுகு தாளித்தார். பிரவுன் சர்க்கரைக்கு வெல்லம். அதன்மேல் ஊறிய தூள், தக்காளி சாஸ், சோயா சாஸ், வினிகர். கடைசியாகக் கைக்குப் பழகிய அளவில் உப்பு. இரண்டு சாஸ்களும் உப்போடுதான் பிறந்தவை என்பது கைக்குத் தெரியவில்லை. மூக்குக்கும் தெரியவில்லை, வினிகர் எல்லா வாசனையையும் ஒற்றை ஆளாக அடக்கிவிட்டிருந்தது.

வெங்காயமும் பூண்டும் சேர்ந்ததைச் சுவாமிக்குக் காட்டுவதில்லை. காட்டாத பண்டத்தை ருசி பார்த்தால் என்ன என்று யாரும் கேட்கலாம். சேஷனும் அடுப்பின் முன் நின்று அதை யோசித்தார். கரண்டி உதடுவரைகூட வந்தது. முப்பது வருஷம் வத்சலா பார்க்காமல் செய்தாளே என்று நினைத்து, கரண்டியைக் கழுவி வைத்துவிட்டார்.

பிள்ளைகள் சேர்ந்தே வந்தார்கள். சேஷன் உட்காரவில்லை. பன்னை வெண்ணெய் தடவிக் கல்லில் வாட்டி ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார்.

ஸ்வப்னா ஒரு வாய் கடித்தாள். ஒரு கணம் தாடை நின்றது. அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் தண்ணீர் ஜக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்படி?"

"சூப்பர்ப்பா" என்றான் சுந்தரேஷ்.

"பஹுத் படியா" என்றாள் ஸ்வப்னா. "கடுகெல்லாம் போட்டிருக்கேள். நம்மாத்து டச்!"

"இன்னொண்ணு வாட்டட்டுமா?"

"ஐயோ, போறும்ப்பா. வர வழியில மோமோ சாப்ட்டுட்டேன்."

"தயிர் இருக்காப்பா?" என்று சுந்தரேஷ் கேட்டான். பன்னுக்குத் தயிர் தொட்டுக்கொள்ளும் அமெரிக்கர் யாராவது உண்டா என்று சேஷன் கேட்டார். மூவரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் பல வாரங்களாக அவ்வளவு சிரிப்புக் கேட்டதில்லை. ஜக் காலியாகி நிரம்பிக் காலியானதைச் சேஷன் டெல்லி வெயில் கணக்கில் சேர்த்தார்.

பிள்ளைகள் செருப்பு மாட்டும்போது, அடுத்த புதன் என்ன பண்ணட்டும் என்று சாதாரணமாகக் கேட்டார்.

"அடுத்த புதன் ரிவ்யூ இருக்குப்பா" என்றான் சுந்தரேஷ். "அடுத்த மாசம் கண்டிப்பா."

லிஃப்ட் கதவு மூடியது. சமைத்தவர் கடைசியில்தான் சாப்பிட வேண்டும் என்பதும் அந்த வீட்டு வழக்கம். சேஷன் தட்டோடு உட்கார்ந்து முதல் வாய் கடித்தார். கண் தானாக மூடியது.

கடல். விழுங்க முடியாமல் எழுந்து போய்த் துப்பினார்.

பிறகு வத்சலாவுக்குப் போன் செய்தார்.

"உப்பு அள்ளிக் கொட்டியிருக்கேன். ரெண்டும் சூப்பர்னு சொல்லிட்டுப் போயிடுத்து."

"ருசி பாத்தேளா?"

"எப்படிப் பாக்கறது? நீயும்தான் பாக்க மாட்டே."

 அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்பு வந்தது.

"யார் சொன்னா உங்களுக்கு? கல்யாணமாகி வந்த மூணாம் நாள்லேர்ந்து பாத்துண்டுதான் இருக்கேன். கரண்டியிலேர்ந்து உள்ளங்கையில ஒரு சொட்டு. ருசி பாக்காம யாராவது சாம்பார் வெக்க முடியுமோ?"

"அப்புறம் எப்படி தெனம் ஒரு கல்லு கம்மியாச்சு?"

"நான்தான் கம்மி பண்ணுவேன். முதல்ல ஒரு வருஷம் சரியா போட்டுப் பாத்தேன். நீங்க வாயே திறக்கலை. சாப்ட்டு எழுந்து போயிண்டே இருந்தேள். ஒரு நாள் கையளவு தப்பிக் குறைஞ்சுது, அன்னிக்குத்தான் பேசினேள். உங்களுக்கும் பேச ஏதாவது வேணுமோல்லியோ? சரி, காலையில ஆடிட்டர் வரார். ஒரு உருளைக்கிழங்கை வேகவெச்சு அதுல போடுங்கோ, உப்பை இழுத்துக்கும்."

சேஷன் உருளைக்கிழங்கை வேகப் போட்டார். அது வேகும் நேரத்தில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதினார்: "உப்பு அதிகம். ஏன் சொல்லவில்லை?"

சுந்தரேஷ் ஒரு சிரிப்புப் படம் போட்டான். ஸ்வப்னா எழுதினாள்: "பஹுத் ஜ்யாதா அப்பா, ரொம்ப ஜாஸ்தி. ஆனா பாவம், நீங்க கஷ்டப்பட்டுப் பண்ணினேள். அம்மா பண்ணிருந்தா கத்திருப்போம்."

அன்பாகத்தான் எழுதியிருந்தாள். பிள்ளைகள் வத்சலாவை 'நீ' என்றும் அவரை 'நீங்கள்' என்றும் சொல்வதைச் சேஷன் இதுநாள்வரை மரியாதை என்றே நினைத்திருந்தார். அந்த வரியை ஒரு வரைவைப் படிப்பதுபோல மறுபடி மறுபடி படித்தார். மாற்ற ஒரு காற்புள்ளிகூட இல்லை.

அடுத்த புதன்கிழமை யாரும் வரவில்லை. வரமாட்டார்கள் என்று தெரிந்தும் சேஷன் நான்கு பன் வாங்கியிருந்தார். பாக்கெட்டில் நான்குதான் வரும். நியூட்ரியை ஊறவைத்தார். கடுகு தாளித்தார், அதை மட்டும் மாற்றவில்லை. சோயா சாஸைப் பாதியாக்கினார். கரண்டியிலிருந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, யாரும் இல்லாத சமையலறையில் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு நக்கினார். கொஞ்சம் உப்பு போட்டார். மறுபடி பார்த்தார். இன்னும் ஒரு சிட்டிகை போட்டால் சரியாக இருக்கும்.

போடவில்லை.

தட்டோடு மேஜைக்கு வந்து, தன் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் வாய் உள்ளே போயிற்று. கண் லேசாக மூடியது.

"உப்பு ஒரு கல்லு கம்மி" என்றார்.

சொல்லிவிட்டு, முழுவதையும் சாப்பிட்டார்.